இன்வாய்ஸை யார் படிக்கிறார்கள்? சென்னை கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் ஆவண வாசிப்பு மென்பொருள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே இன்வாய்ஸ், 11 பக்கம், 212 வரி. போல்ட், வாஷர், ரப்பர் கேஸ்கெட், பேரிங், வயரிங் கிளிப் என்று ஆளுக்கொரு வரி. ஒவ்வொரு வரியிலும் பாக எண், விவரம், எண்ணிக்கை, அலகு, விலை, தொகை. ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு பார்ட்டியின் சரக்கு அது. பார்ட்டி என்றால் எங்கள் வாடிக்கையாளரான இறக்குமதியாளர்; அவர்கள் சார்பில் சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்வதுதான் எங்கள் வேலை. மெயில் வந்தபோது மாலை ஐந்தரை. கப்பல் மறுநாள் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தின் மூத்த அக்கா இன்வாய்ஸை அச்செடுத்து இடது பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை நகர்த்தியபடி கணினியில் அடித்துக்கொண்டே போனார். முடிக்கும்போது இரவு பத்தே முக்கால். செக்லிஸ்ட் (தாக்கலுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) பார்ட்டிக்குப் போய், அவர்கள் சரி என்று சொல்லி, எங்கள் சார் டோக்கனைச் செருகி டிஜிட்டல் கையொப்பம் போட்டு ஐஸ்கேட் என்ற சுங்கத் துறை இணையதளத்தில் ஏற்றியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

பன்னிரண்டு தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம். 1962 சுங்கச் சட்டத்தின் 46ஆவது பிரிவை 2021 நிதிச் சட்டம் திருத்திய பிறகு, கடல் வழிச் சரக்குக்குப் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பைப் போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஆவணங்கள் எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை. அந்த இரவுதான், ஆவணத்தைத் தானே படித்துத் தகவலை எடுத்துத் தரும் மென்பொருளை வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்தோம். வாங்கினோம், தடுமாறினோம், பாதி வழியில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினோம். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, மூர் தெரு என்று பாரிமுனையைச் சுற்றியுள்ள எத்தனையோ அலுவலகங்களில் இதே இரவு நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு இது உபயோகப்பட வேண்டும்.

தாள் போனது, டைப்பிங் போகவில்லை

சுங்கத் துறையின் கணினி மாற்றங்கள் பல சென்னையில்தான் முதலில் வந்தன. துணை ஆவணங்களைத் தாளாகக் கொடுக்காமல் இணையத்தில் ஏற்றும் இ-சஞ்சித், 2017 அக்டோபரில் டெல்லி விமானச் சரக்கு வளாகத்திலும் சென்னை கஸ்டம்ஸ் ஹவுஸிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. முகமறியா மதிப்பீடு 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும் ஆரம்பமானது. முதலில் சுங்கக் கட்டணப் பட்டியலின் 84, 85ஆம் அத்தியாயங்களில் வரும் இயந்திர, மின் சாதனச் சரக்குகளுக்கு மட்டும். அதே ஆண்டு அக்டோபர் 31க்குள் நாடு முழுவதும். அதாவது சென்னையில் இறங்கும் சரக்கின் பில்லை வேறொரு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மதிப்பிடலாம்.

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கும் வேலை இப்படிக் குறைந்தது. ஆனால் எங்கள் மேஜையில் ஒன்றும் மாறவில்லை. பிடிஎஃப் என்று வருவதெல்லாம் தாளின் போட்டோதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிஎல் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு), காப்பீட்டுச் சான்று, தோற்றச் சான்று (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்ற சான்று) எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்துக் கையால் அடித்தால்தான் பில் உருவாகும்.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பகுதி நேரமாக வேலை பார்த்த கணினித் தம்பி டெஸராக்ட் மென்பொருளை ஓட்டிக் காட்டினார். ஹெச்பி ஆய்வகத்தில் 1985 வாக்கில் பிறந்து, 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட பழைய ஓசிஆர், அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் மென்பொருள், அது. சுத்தமாக அச்சான பக்கத்தை நன்றாகவே படித்தது. ஆனால் அது தந்தது வெறும் எழுத்துக் குவியல். எது விலை, எது எடை, எது அடுத்த வரியின் தொடர்ச்சி என்று அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் சாய்த்து எடுத்து அனுப்பிய படம் என்றால் கட்டங்கள் எல்லாம் கலைந்துபோகும். நீல ரப்பர் ஸ்டாம்ப் எண்ணின் மேல் விழுந்திருந்தால் இரண்டையும் சேர்த்து ஏதோ ஒன்றைப் படிக்கும். ஒரு மாதத்தில் அதைக் கைவிட்டோம்.

அடுத்து வந்தது உண்மையிலேயே வேறு ரகம். எழுத்தோடு அது பக்கத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் தலைப்பின் கீழே வருகிறது என்பதையும் பார்த்துப் புலங்களாக, அதாவது விலை, எடை என்று தனித்தனிக் கட்டங்களாக, பிரித்துத் தரும் மென்பொருள். ஒவ்வொரு புலத்துக்கும் பக்கத்தில் ஒரு நம்பிக்கை மதிப்பெண். 100க்கு 98 என்றால் பச்சை, 70 என்றால் மஞ்சள். அந்த 212 வரி இன்வாய்ஸை மறுபடி கொடுத்துப் பார்த்தோம். காபி குடித்துவிட்டு வருவதற்குள் முழுப் பட்டியலும் திரையில் நின்றது, பெரும்பாலும் பச்சையாக. அக்கா ஸ்கேலை எடுத்து டிராயரில் வைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

பச்சையாக வந்த தவறு

மூன்றாவது மாதம் அடி விழுந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சரக்கு. பார்ட்டி அனுப்பிய மெயிலில் இரண்டு பிடிஎஃப் இருந்தன. ஒன்று இறுதி இன்வாய்ஸ். மற்றது பல வாரங்களுக்கு முன் ஆர்டர் கொடுத்தபோது வாங்கிய புரோஃபார்மா, அதாவது முன்கூட்டிய உத்தேச இன்வாய்ஸ். இரண்டிலும் அதே பொருட்கள், அதே எண்ணிக்கை. விலை மட்டும் புரோஃபார்மாவில் கொஞ்சம் குறைவு. மென்பொருள் புரோஃபார்மாவைப் படித்தது. ஒரு எழுத்துகூடப் பிசகாமல் படித்தது. எல்லாப் புலமும் பச்சை.

இ-சஞ்சித்தில் ஏற்றிய எங்கள் பையன் சரியாக இறுதி இன்வாய்ஸை எடுத்து ஏற்றிவிட்டார். ஆக, பில்லில் ஒரு விலை, ஆவணத்தில் அதைவிட அதிக விலை. வேறு ஊரில் உட்கார்ந்து மதிப்பிடும் அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்? மதிப்பைக் குறைத்துக் காட்டிய மாதிரிதான் தெரியும். விளக்கம் கேட்டுக் குவெரி வந்தது. முன்பென்றால் மதிப்பிடும் அதிகாரியான அப்ரைசரை நேரில் பார்த்து, இரண்டு தாளையும் மேஜையில் விரித்து, சார் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம். இப்போது எழுத்தில்தான் பதில். விளக்கம் எழுதி, சுங்கச் சட்டத்தின் 149ஆவது பிரிவின் கீழ் திருத்தம் கேட்டு, வித்தியாச டியூட்டியைக் கட்டி அவுட் ஆஃப் சார்ஜ் என்ற சரக்கு விடுவிப்பு உத்தரவை வாங்குவதற்குள் கன்டெய்னர் மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் கிடங்கில்) ஆறு நாள் கிடந்தது. தரை வாடகை ஒரு பக்கம், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு ஷிப்பிங் லைன் கேட்கும் டிடென்ஷன் கட்டணம் ஒரு பக்கம். பார்ட்டி எங்கள் சாரிடம் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

அன்று மாலை அக்கா அந்த இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இத நான் அடிச்சிருந்தா மேல இருக்கிற புரோஃபார்மாங்கிற வார்த்தை முதல்லயே கண்ணுல பட்டிருக்கும்."

அந்த வாக்கியத்தில்தான் பிரச்சினையின் வேர் இருந்தது. நாங்கள் டைப்பிங் என்று பெயர் வைத்திருந்த வேலைக்குள் இன்னொரு வேலை ஒளிந்திருந்தது. 212 வரியை விரலால் அடிக்கும் ஒருவர் 212 முறை அந்தத் தாளைப் பார்க்கிறார். சந்தேகம் வருவது அந்தப் பார்வையில்தான். அதற்கென்று தனிச் சம்பளமோ தனிப் பெயரோ கிடையாது. அடிக்கும் வேலையை எந்திரத்திடம் கொடுத்தபோது அந்தப் பார்வையையும் சேர்த்தே தூக்கிக் கொடுத்துவிட்டோம். எந்திரம் முதல் வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டாவது யாரிடமும் இல்லாமல் போனது. மதிப்பெண் பச்சை என்றால் எழுத்தைச் சரியாகப் படித்தேன் என்று மட்டும்தான் பொருள். சரியான தாளைப் படித்தேன் என்றோ, தாளில் இருப்பது நியாயமாக இருக்கிறது என்றோ அதற்குப் பொருள் இல்லை. இதை நாங்கள் புரிந்துகொள்ள ஆறு நாள் டிடென்ஷன் தேவைப்பட்டது.

அக்காவின் பக்கத்தில் இரண்டு வாரம்

மென்பொருளை நிறுத்தவில்லை. ஆனால் புதிதாக எந்த வசதியும் சேர்க்காமல், இரண்டு வாரம் நான் அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பழையபடி சில ஜாப்களைக் கையால் அடிக்கச் சொன்னேன். எங்கே அவர் கை நிற்கிறதோ அங்கே ஏன் என்று கேட்டு, கோடு போட்ட நீள நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டேன். இந்தத் திட்டத்தில் நாங்கள் செய்த மிக உருப்படியான காரியம் அதுதான்.

முதல் நாளே ஒரு போல்ட் வரியில் கை நின்றது. எண்ணிக்கை 5,000, விலை 4.20, தொகை 210.00. பெருக்கினால் 21,000 வர வேண்டும். "இவங்க நூறு பீஸுக்கு விலை போடுவாங்க தம்பி. சின்னதா ஒரு ஓரத்துல எழுதியிருக்கும், பாருங்க." பார்த்தேன், இருந்தது. மென்பொருள் அந்தச் சின்ன எழுத்தை விவரப் பத்தியில் சேர்த்துவிட்டு, 4.20 என்பதை ஒரு போல்ட்டின் விலையாக வைத்திருந்தது.

இன்னொரு இடம், ஜெர்மன் இன்வாய்ஸில் எடை. அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ. நம் கணக்கில் ஒன்றே கால் கிலோ. தொகையில் 1.250,00 என்று இருந்தால் வடிவத்தை வைத்தே எந்திரம் ஊகித்துவிடுகிறது. எடையில் அந்தக் காற்புள்ளி இல்லாததால் ஏமாறுகிறது. அக்கா எடையைத் தனியாக நம்புவதே இல்லை. பேக்கிங் லிஸ்டின் மொத்த எடையைக் கூட்டி பிஎல்லில் உள்ள எடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் நகர்வார்.

இன்வாய்ஸ் எஃப்ஓபியா (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை), சிஐஎஃப்பா (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) என்பதும் அப்படித்தான். எஃப்ஓபி என்று படித்துவிட்டால் போதாது, ஃப்ரைட், அதாவது கப்பல் கூலி, எவ்வளவு என்ற தாள் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். ஃப்ரைட் தொகையை நிரூபிக்க முடியாவிட்டால் 2007 மதிப்பீட்டு விதிகளின் 10ஆவது விதிப்படி எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தை ஃப்ரைட்டாகச் சேர்ப்பார்கள், காப்பீட்டுக்கு 1.125 சதவீதம். கடல் ஃப்ரைட் பெரும்பாலும் அவ்வளவு வராது. பார்ட்டி வீணாக அதிக டியூட்டி கட்டுவார். "விலையில்லை" என்று போட்டு வரும் சாம்பிள் வரிகள், பக்கத்தின் அடியில் வரும் "கொண்டு செல்லப்பட்டது" கூட்டுத்தொகையைப் பொருள் வரியாக எந்திரம் எடுத்துக்கொள்வது என்று நோட்டு நிரம்பிக்கொண்டே போனது.

மிகவும் பயமுறுத்தியது சிடிஎச் குறியீடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். நம் சுங்கக் கட்டணப் பட்டியலில் எட்டு இலக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலிலும் எட்டு இலக்கம். முதல் ஆறு உலகம் முழுக்க ஒன்று; கடைசி இரண்டு அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். ஐரோப்பிய சப்ளையர் தன் ஏற்றுமதிக்காக இன்வாய்ஸில் அச்சடித்த குறியீட்டை மென்பொருள் சமத்தாக எடுத்து நம் கட்டத்தில் போட்டுவிடும். 7318 15 என்ற திருகு, போல்ட் வகைக்கு நம்மிடம் 7318 15 00 என்று ஒன்றே ஒன்று. அவர்களிடம் அதையே பலவாகப் பிரித்திருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணைப் போட்டால் நம் கணினி தள்ளிவிடும், பிழைத்தோம். ஆனால் இரண்டு பட்டியலிலும் இருந்து, இங்கே வேறு பொருளைக் குறிக்கும் எண் வந்து விழுந்தால் எந்த அலாரமும் அடிக்காது. இப்போது இன்வாய்ஸில் உள்ள குறியீட்டின் முதல் ஆறு இலக்கத்தைக் குறிப்பாக மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறோம். எட்டையும் நிரப்புவது மனிதர்தான். அந்தப் பார்ட்டியின் பழைய பில்களைப் பார்த்து, பொருளின் விவரத்தைப் படித்து நிரப்புகிறார். வகைப்பாட்டை எந்திரம் தானாக முடிவு செய்யும் வசதியும் விற்பனைக்கு வந்தது. வேண்டாம் என்றோம். 2011இலிருந்து சுய மதிப்பீடு நடைமுறையில் இருக்கிறது. தவறான வகைப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது இறக்குமதியாளரும், அவருக்கு ஆலோசனை சொன்ன நாங்களும்.

எந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இடம்

நோட்டில் இருந்தவற்றில் பாதியை எந்திரத்துக்கே சொல்லிக்கொடுக்க முடிந்தது. கன்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் பெட்டியின் மேல் சதுரத்துக்குள் எழுதியிருக்கும் ஒரு சோதனை இலக்கம். சிஎஸ்க்யூயு 305438 3 என்பது பாடங்களில் வழக்கமாகக் காட்டும் எண். எழுத்துகளுக்கு ஒரு மதிப்பு உண்டு: சி 13, எஸ் 30, க்யூ 28, யு 32. பிறகு ஆறு இலக்கங்கள் 3, 0, 5, 4, 3, 8. இந்தப் பத்தையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி இலக்கமும் 3. சரி.

இப்போது மங்கலான ஸ்கேனில் முதல் 3ஐ எந்திரம் 8 என்று படித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் 6,265 ஆகிவிடும், மீதி 6. கடைசி இலக்கத்தோடு ஒத்துப்போகாது. யாரும் கண் விழித்துப் பார்க்காமலே தவறு மாட்டிக்கொள்ளும். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும், எஸ்ஸும் ஐந்தும், பி-யும் எட்டும் குழம்பும் ஓசிஆர் உலகத்தில் இது பெரிய வரம். ஜிஎஸ்டி எண்ணின் கடைசி எழுத்தும் இப்படிச் சோதனைக்கு உரியதுதான். அப்புறம் எண்ணிக்கையை விலையால் பெருக்கித் தொகையோடு ஒப்பிடுவது, எல்லா வரியையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுவது, இன்வாய்ஸ் எண் பேக்கிங் லிஸ்டிலும் தோற்றச் சான்றிலும் அதேதானா என்று பார்ப்பது, தலைப்பில் புரோஃபார்மா என்று இருந்தால் ஜாப்பையே நிறுத்துவது. நம்பிக்கை மதிப்பெண் என்னவாக இருந்தாலும் ஒரு தாள் இன்னொரு தாளோடு ஒத்துப்போகாவிட்டால் வரி சிவப்பாகிவிடும். என்னைக் கேட்டால், மென்பொருள் வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் எத்தனை சதவீதத் துல்லியம் என்று கேட்பதைவிட, இந்த ஒப்பீடுகளை நாமே எழுதிச் சேர்க்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

மீதிப் பாதிக்குக் கண்தான். மொத்த மதிப்பு, நாணயம், விலை நிபந்தனை, இன்வாய்ஸ் எண் ஆகிய நான்கை மட்டும் ஒருவர், எந்திரம் படித்ததைப் பார்க்காமல், தாளைப் பார்த்து அடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் செக்லிஸ்ட் வெளியே போகும். எந்திரத்தின் விடை ஏற்கெனவே திரையில் இருந்தால் கண் அதையே சரி என்று ஒத்துக்கொள்ளும். களைத்த நேரத்தில் யாருக்கும் அப்படித்தான். அதனால்தான் மறைத்து வைக்கிறோம். தொடக்கத்தில் இளைஞர்கள் முணுமுணுத்தார்கள், கம்ப்யூட்டர் எதற்கு வாங்கினோம் என்று. இப்போது அந்தக் கேள்வி வருவதில்லை.

தோற்றச் சான்றை எந்திரம் படிக்கிறது, ஆனால் அதை அப்படியே பில்லில் ஏற்ற விடுவதில்லை. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் கரோட்டார் விதிகள், வர்த்தக ஒப்பந்தங்களின் கீழ் வரிச் சலுகை கேட்கும் இறக்குமதியாளரே தோற்றம் பற்றிய விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. சான்றின் எண், தேதி, எந்த அடிப்படையில் தோற்றம் கோரப்படுகிறது என்பதெல்லாம் பில்லில் வர வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தில் 35 சதவீத மதிப்புக் கூட்டலும் உட்தலைப்பு மாற்றமும் (மூலப்பொருளின் ஆறு இலக்கக் குறியீடு மாறியிருப்பது) என்ற பொது நிபந்தனை சான்றில் ஒரு சின்னப் பெட்டிக்குள் சுருக்கக் குறியாக நிற்கும். அதன் மேல்தான் முத்திரையும் விழும். ஒரு இலக்கம் தப்பினால் சலுகையே போய்விடும்.

தரவு எங்கே போகிறது என்ற கேள்விக்கு நாங்கள் போதுமான நேரம் கொடுக்கவில்லை, பின்னால்தான் யோசித்தோம். சப்ளையர் பெயரும் விலையும் ஒரு பார்ட்டியின் உயிர்நாடி. போட்டியாளருக்குத் தெரிந்தால் வியாபாரமே போய்விடும். அதனால் ஒவ்வொரு பார்ட்டியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். இரண்டு பேர் மறுத்தார்கள். அவர்களுடைய ஆவணங்கள் எங்கள் அலுவலகக் கணினியைத் தாண்டி வெளியே போவதில்லை. 2018 புரோக்கர் உரிம விதிகளின்படி ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதோடு எந்திரம் படித்த முதல் வடிவத்தையும், யார் எதைத் திருத்தினார் என்பதையும் சேர்த்தே வைக்கிறோம். பின்னாளில் விசாரணை வந்தால், தவறு எங்கே நுழைந்தது என்று காட்ட அது ஒன்றுதான் வழி.

ஒரகடம் பார்ட்டியின் இன்வாய்ஸ் இன்றும் மாலையில்தான் வருகிறது. இப்போது அக்கா எட்டு மணி ரயிலைப் பிடித்துவிடுகிறார். சிவப்பாக நிற்கும் வரிகளை மட்டும் பார்க்கிறார், பிறகு நான்கு புலங்களை மறைத்து அடிக்கிறார், பிறகு ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் புரட்டுகிறார். அந்தக் கடைசிப் புரட்டலை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நோட்டு இப்போது அவர் டிராயரில், ஸ்கேலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் எழுதியது 31ஆவது குறிப்பு. ஜப்பானிலிருந்து வந்த ஒரு சான்றில் தேதி முத்திரை 6.5.12 என்று இருந்தது. எந்திரம் அதை 2012 மே 6 என்று படித்துப் பச்சை காட்டியது. அக்கா பார்ட்டிக்கு போன் போட்டு, அவர்கள் ஜப்பானில் கேட்டு, ஒரு மணி நேரத்தில் விடை வந்தது: அது பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்து எண்ணும் அவர்களுடைய ரெய்வா ஆண்டுக் கணக்கு. ஆறாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், பன்னிரண்டாம் தேதி. நோட்டில் அக்காவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஜப்பான் சீல், முதல் எண் வருஷம். 2018 கூட்டணும்."